2028 அமெரிக்க அதிபர் தேர்தல்: யார் யார் நிற்கக்கூடும்?

கொள்ளிடத்தான்

நண்பர்களுக்கு வணக்கம். 2028 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் அடுத்த அதிபர் தேர்தல். இன்னும் நாள் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் 2026 நவம்பர் இடைக்காலத் தேர்தல் முடிந்த கையோடு ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். (இது நம் ஊர் இடைத்தேர்தல் போல ஒரு தொகுதிக்கு நடப்பதல்ல. கீழவை முழுவதற்கும், மேலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் நடப்பது.) ஆகவே இப்போதே பேசத் தொடங்கலாம்.

குடியரசுக் கட்சியில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ்தான் வேட்பாளர் என்பது என் கணிப்பு. ஆளின் திறமையைவிட அவர் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். 1960இல் நிக்சன், 1968இல் ஹம்ஃப்ரி, 1988இல் மூத்த புஷ், 2000இல் அல் கோர், 2024இல் கமலா ஹாரிஸ். ஐந்து பேருமே துணை அதிபராக இருக்கும்போதே கட்சியின் வேட்பாளர் ஆனவர்கள். வான்ஸ் கூடுதலாக ஒன்று செய்திருக்கிறார். 2025 மார்ச்சில் கட்சியின் தேசியக் குழுவுக்கு நிதித் தலைவர் ஆனார். பதவியில் இருக்கும் துணை அதிபர் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்தது அதுதான் முதல் முறை. கட்சிக்குப் பெரும் பணம் தருகிறவர்களை இப்போதே நேரில் பழகி வைத்துக்கொள்கிறார்.

ஜனநாயகக் கட்சிப் பக்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், பென்சில்வேனியாவின் ஜாஷ் ஷப்பீரோ, மிச்சிகனின் கிரெட்சன் விட்மர், இல்லினாயின் ஜே.பி. பிரிட்ஸ்கர், கென்டக்கியின் ஆண்டி பெஷியர், பைடன் அரசில் போக்குவரத்து அமைச்சராக இருந்த பீட் பூட்டிஜஜ், நியூயார்க்கின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ், அப்புறம் கமலா ஹாரிஸ். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரோடு ஒப்பிட வேண்டிய பதவி.)

யார் வருவார் என்று சொல்பவர்கள் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

மணல்வீடு

ட்ரம்ப் மூன்றாம் முறை நிற்கவே முடியாதா? 2025இல் அவருடைய சொந்தக் கடையிலேயே "ட்ரம்ப் 2028" என்று தொப்பி விற்றார்களே. வான்ஸ் அதிபர், ட்ரம்ப் துணை அதிபர் என்று நின்று ஜெயித்து, பிறகு வான்ஸ் ராஜினாமா செய்தால் என்ன ஆகும்?

பழுப்புத்தாள்

தம்பி, அரசியல் சட்டத்தின் 22ஆம் திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்ததைப் பார்த்த பிறகு கொண்டுவந்தது அது. 1951இல் நடைமுறைக்கு வந்தது. யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. ட்ரம்ப் 2016, 2024 என்று இரண்டு முறை ஆகிவிட்டது. அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று 1804லேயே 12ஆம் திருத்தம் சொல்கிறது.

"தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்றுதானே இருக்கிறது, பதவியில் இருக்கக் கூடாது என்று இல்லையே" என்று வார்த்தையைப் பிடித்து வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வழியில் போக முயன்றால் உச்ச நீதிமன்றம் வரை இழுபடும். முறையாகத் திருத்துவதென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். இன்றைக்கு அங்கே எந்தக் கட்சிக்கும் அந்தப் பலம் கிடையாது.

கொள்ளிடத்தாருக்கு ஒரு வார்த்தை. துணை அதிபர் பட்டியல் சரிதான். ஆனால் மற்றபடி இரண்டு வருடம் முன்னால் போடும் பட்டியலை நான் நம்புவதில்லை. நாற்பது வருடமாகப் பேப்பர் படித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர் முடிந்ததும் மூத்த புஷ்ஷுக்கு ஆதரவு 89 சதவீதம். அவரை எதிர்த்து நிற்பது வீண் என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் பலர் ஒதுங்கிவிட்டார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது நியூயார்க் ஆளுநர் மரியோ கோமோவை. அந்த டிசம்பரில், கட்சிக்குள் முதலில் ஓட்டு நடக்கும் மாநிலங்களில் ஒன்றான நியூ ஹாம்ப்ஷயரில் வேட்பு மனு கொடுக்கக் கடைசி நாள். ஆல்பனி விமான நிலையத்தில் அவருக்காக விமானம் தயாராக நிற்கிறது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஆளுநர் வெளியே வந்து, மாநில வரவுசெலவுத் திட்டம் முடியவில்லை, நான் போகவில்லை என்று சொல்லிவிட்டார். ஆர்க்கன்சா என்ற சின்ன மாநிலத்து ஆளுநர் பில் கிளின்டன் அடுத்த வருடம் அதிபர் தேர்தலில் ஜெயித்தார்.

2015இல், குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற மூத்த புஷ்ஷின் மகன் ஜெப் புஷ்ஷின் ஆதரவாளர்கள் பத்து கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் கடைசியில் அவருக்குக் கிடைத்தது நான்கே நான்கு பேர். 2019 ஜனவரியில் ஓக்லண்டில் கமலா ஹாரிஸ் பிரசாரம் தொடங்கியபோது சுமார் இருபதாயிரம் பேர் கூடினார்கள். அதே டிசம்பரில், ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்பே, அவர் விலகிவிட்டார். நீங்கள் போட்ட எட்டு பெயரில் பாதிப் பேராவது கோமோ மாதிரி விமானத்தில் ஏறவே மாட்டார்கள்.

வெட்டாறு

ஐயா சொன்ன கமலா பற்றி நான் பேச வேண்டும். எனக்குத் திருவாரூர் மாவட்டம். துளசேந்திரபுரம் எங்கள் ஊரிலிருந்து இரு சக்கர வண்டியில் போகிற தூரம். அவருடைய தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. அதில் தாத்தா பெயரும் உண்டு, கமலா ஹாரிஸ் பெயரும் உண்டு. 2024 தேர்தல் நேரத்தில் அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டித் தன் பேத்திக்கு அந்தப் பெயரைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கல், ஆனால் அந்த ஒரு வரி மட்டும் விரல் பட்டுப் பட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. முடிவு வந்த அன்று ஊரே அமைதியாக இருந்தது.

அதனால் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1960இல் கென்னடியிடம் தோற்ற நிக்சன், 1962இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோற்றார். எல்லாரும் அவர் கதை முடிந்தது என்றார்கள். 1968இல் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். கமலா 2026 ஆளுநர் தேர்தலில் நிற்கவில்லை என்று 2025 ஜூலையிலேயே சொல்லிவிட்டார். பின்னால் வேறு திட்டம் இல்லாமல் அப்படி ஒதுங்குவாரா? 2024இல் பைடன் விலகிய பிறகு அவருக்குக் கிடைத்தது 107 நாள். முழு அவகாசம் கிடைத்தால் என்ன செய்வார் என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லை.

கொள்ளிடத்தான்

வெட்டாறு, அந்தக் கல் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் "முழு அவகாசம்" 2019இல் அவருக்கு இருந்தது. கட்சிக்குள் நடக்கும் பிரைமரியில் ஒரு மாநிலத்தில்கூட அவர் போட்டி போட்டு ஜெயித்ததில்லை. 2024இல் பைடன் விலகியபோது பிரைமரி எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை ஏழெட்டுப் பேரோடு மேடையில் நின்று ஒவ்வொரு மாநிலமாக ஓட்டு வாங்க வேண்டும். என் சந்தேகம் அங்கேதான்.

சோளக்காடு

ஆட்கள் பெயரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடும் என்று யாரும் கேட்கவில்லையே. நான் ஐயோவாவில் இருக்கிறேன், அதனால் இது எனக்குக் கொஞ்சம் வலிக்கிற விஷயமும்கூட.

2020 பிப்ரவரி 3, திங்கள் இரவு. டெ மாயின் நகரத்துக்கு வெளியே எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம். எனக்கு அப்போது ஓட்டுரிமை இல்லை. வேடிக்கை பார்க்கிறேன் என்றதும் ஓரத்தில் உட்கார விட்டார்கள். காக்கஸ் என்றால் ஓட்டுப் பெட்டி கிடையாது. ஆதரிக்கும் வேட்பாளரின் பெயர் ஒட்டிய இடத்தில் போய் நிற்க வேண்டும். அன்று 200 பேர் வந்திருந்தார்கள். 15 சதவீதம், அதாவது 30 பேர் சேராத குழு கலைய வேண்டும், அல்லது ஆள் பிடிக்க வேண்டும். கூடைப்பந்து வளையத்தின் கீழே பைடன் குழுவில் 24 பேர். எதிர்ச் சுவரோரம் மின்னசோட்டாவின் ஏமி க்ளோபுஷாருக்கு 27 பேர். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பைடன் பக்கம் நின்றிருந்தார். க்ளோபுஷார் ஆள் ஒருவர் வந்து, "மூன்று பேர் வந்தால் போதும்" என்று கெஞ்சினார். அந்த அம்மா பத்து நிமிஷம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் ஏதோ சொன்னார், மூன்று பேருமாக அரங்கத்தைக் குறுக்கே கடந்து போனார்கள். கை தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அன்றிரவு மாநிலம் முழுவதும் முடிவுகளைத் தொகுக்கும் செயலி சொதப்பி, கணக்கு வர நாட்கள் ஆயின. பூட்டிஜஜும் சாண்டர்ஸும் ஏறக்குறைய சமமாக முன்னணியில் வந்தார்கள். பைடன் நான்காமிடம். அடுத்து நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். பிறகு பிப்ரவரி 29, தெற்கு கரோலினா. அங்கே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்கள் பைடனைத் தூக்கி நிறுத்தினார்கள். மறுநாளே பூட்டிஜஜ் விலகினார்.

அதே ஆட்கள்தான், அதே கொள்கைகள்தான். தெற்கு கரோலினா முதலில் வந்திருந்தால் பூட்டிஜஜ் என்ற பெயரை நாம் இன்று இந்தப் பட்டியலில் எழுதியிருக்கவே மாட்டோம். 2024இல் கட்சி எங்கள் மாநிலத்தை முதலிடத்திலிருந்து எடுத்துவிட்டுத் தெற்கு கரோலினாவை வைத்தது. எங்களைத் தபாலில் ஓட்டுப் போடச் சொல்லி, முடிவை மார்ச்சில் சொன்னார்கள். அந்த அரங்கம் காலியாகவே இருந்தது. நான் குடியுரிமை வாங்கி முதல் முறை போய் நிற்கலாம் என்று காத்திருந்தவள்.

2028க்கு எந்த வரிசை என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. தெற்கு கரோலினா முன்னால் இருந்தால் கமலாவுக்கு வாய்ப்பு கூடும். நியூ ஹாம்ப்ஷயரோ ஐயோவாவோ முன்னால் வந்தால் பூட்டிஜஜுக்கும் ஆளுநர்களுக்கும்.

மணல்வீடு

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. குடியரசுக் கட்சியிலும் இப்படித்தானா? மார்கோ ரூபியோ, விவேக் ராமசாமி, ரான் டிசான்டிஸ் இவர்களுக்கெல்லாம் வழியே இல்லையா?

கொள்ளிடத்தான்

அங்கே ஓட்டு விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுப்பது குறைவு. பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாமும் போய்விடும். அதனால் முன்னால் ஓடுகிறவர் சீக்கிரமே எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுவார். 2024இல் டிசான்டிஸ் ஐயோவாவில் ட்ரம்பைவிட 30 சதவீதப் புள்ளி பின்தங்கி, ஒரு வாரத்துக்குள் விலகினார். அவருடைய ஃபுளோரிடா ஆளுநர் பதவி 2027 ஜனவரியில் முடிகிறது. அதன் பிறகு கையில் பதவி இல்லை.

ரூபியோ வெளியுறவு அமைச்சர். கியூபாவிலிருந்து வந்த பெற்றோருக்கு மியாமியில் பிறந்தவர். 2016இல் நின்று, சொந்த மாநிலமான ஃபுளோரிடாவையே ட்ரம்பிடம் இழந்தவர். வான்ஸ் நின்றால் நான் அவரை ஆதரிப்பேன் என்று அவரே சொல்லிவிட்டார். துணை அதிபர் இடத்துக்கு அவர் பெயர் அடிபடலாம்.

விவேக் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2024இல் ஐயோவாவில் நான்காமிடம் வந்து அன்றிரவே விலகிவிட்டார். இப்போது குறி வைத்திருப்பது 2026 ஒஹாயோ ஆளுநர் தேர்தல். வான்ஸும் ஒஹாயோக்காரர். ஒரே மாநிலத்திலிருந்து இருவர் மோதுவது கஷ்டம். விவேக்குக்கு நாற்பது வயதுதான், அவசரம் இல்லை.

பழுப்புத்தாள்

வான்ஸ் வேட்பாளர் ஆவது பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொள்ளிடத்தார் போட்ட ஐந்து பெயரை மறுபடி பாருங்கள். ஐந்து பேரில் ஜெயித்தவர் ஒருவர்தான், 1988இல் மூத்த புஷ். அதற்கு முன்னால் பதவியில் இருந்தபடியே ஜெயித்த துணை அதிபரைத் தேடினால் 1836க்குப் போக வேண்டும், மார்ட்டின் வான் பியூரன்.

ஏன் அப்படி? மேலே இருக்கிறவரை விட்டுக்கொடுக்கவும் முடியாது, அவர் மேல் உள்ள கோபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது. 1968இல் ஹம்ஃப்ரியை நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போரால் நாடு கொதிக்கிறது. போகிற இடமெல்லாம் மாணவர்கள் எதிர்ப்பு. அப்போதைய அதிபர் ஜான்சனுக்குப் பயந்து மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பர் 30 அன்றுதான் சால்ட் லேக் சிட்டியில், நான் வந்தால் குண்டு வீச்சை நிறுத்துவேன் என்று பேசினார். அதன் பிறகு ஆதரவு கிடுகிடுவென ஏறியது. ஆனால் கையில் இருந்தது ஐந்து வாரம். நூற்றுக்கு ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் நிக்சனிடம் தோற்றார்.

அல் கோர் இதற்கு நேர் எதிர். கிளின்டன் காலத்தில் பொருளாதாரம் செழிப்பாக இருந்தது, ஆனால் அவருடைய சொந்த நடத்தையால் வந்த அவப்பெயர் தன்மேல் ஒட்டுமோ என்று தள்ளியே நின்றார். அந்தச் செழிப்பின் பலனும் அவருக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

கமலாவுக்கு நேர்ந்தது நாம் கண்ணால் பார்த்தது. 2024 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பைடன் செய்ததில் எதை நீங்கள் மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். சண்டைக்காக வந்த கேள்வி அல்ல, நட்பான மேடை. எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். எதிர்க்கட்சி அந்த ஒரு துண்டையே விளம்பரமாகப் போட்டுத் தேய்த்தது. விலைவாசியால் நொந்துபோன மக்களிடம் அந்தப் பதில் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

இதே கேள்வி 2028இல் வான்ஸிடம் வரும். 2016இல் அவர் ட்ரம்பைக் கடுமையாக விமர்சித்தவர். அப்புறம் ட்ரம்ப் ஆதரவோடு 2022இல் ஒஹாயோ செனட்டர் ஆனார். ட்ரம்பைவிட்டு ஓர் அடி விலகினாலும் கட்சித் தொண்டர்கள் விடமாட்டார்கள். விலகாவிட்டால் நடுவில் இருக்கும் ஓட்டு வராது. ஹம்ஃப்ரிக்காவது ஐந்து வாரம் துணிச்சல் வந்தது.

கொள்ளிடத்தான்

ஐயா, இதைப் படித்த பிறகு என் கணக்கையே வேறு விதமாகப் போடத் தோன்றுகிறது. அப்படியானால் ஜனநாயகக் கட்சிக்குத் தேவை பைடன் ஆட்சியின் சுமை இல்லாத ஒருவர். அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டு. மொத்தம் 538, ஜெயிக்க 270. கமலா பெற்றது 226. பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10. கூட்டினால் 44. 226ஓடு சேர்த்தால் மிகச் சரியாக 270! மூன்று மாநிலங்களிலும் அவர் தோற்றது இரண்டு சதவீதத்துக்கும் குறைவில். 2028லும் இதே எண்ணிக்கைதான். 2030 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகுதான் மாறும்.

அதனால் என் ஓட்டு ஷப்பீரோவுக்கு. 2022இல் பென்சில்வேனியாவில் ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவர். 2023 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரி தீப்பிடித்துப் பாலமே சரிந்தது. கிழக்குக் கடற்கரையின் முக்கியமான சாலை அது. மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பள்ளத்தைக் கண்ணாடிக் கழிவிலிருந்து செய்த இலேசான கற்களால் நிரப்பி, பன்னிரண்டே நாளில் வண்டி ஓட விட்டார்கள். வேலை நடப்பதை இரவும் பகலும் நேரலையில் காட்டினார்கள். அரசாங்கம் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்தால் மக்கள் நம்புகிறார்கள்.

நள்ளிரவு ரயில்

தாமதமாக வருகிறேன். எல்லாரும் நியூசமை மறந்துவிட்டீர்கள். ட்ரம்பை எதிர்த்து நேருக்கு நேர் நிற்பவர் அவர்தான். டெக்ஸாஸில் குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி வரைபடத்தை மாற்றியது. உடனே கலிஃபோர்னியாவிலும் மாற்றுவோம் என்று மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, 2025 நவம்பரில் ஜெயித்துக் காட்டினார். 2021இல் அவரைப் பதவியிலிருந்து இறக்க நடந்த வாக்கெடுப்பிலும் தப்பித்தவர். 2027 ஜனவரியில் பதவி முடிகிறது, முழு நேரமும் கையில் இருக்கும். கோபத்தில் இருக்கும் கட்சித் தொண்டனுக்குப் பாலம் கட்டிய கதை போதாது.

சோளக்காடு

தொண்டர்களுக்கு அவரைப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே விவசாயிகளிடம் கலிஃபோர்னியா என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். வீட்டு விலை, தெருவில் தூங்கும் மக்கள், இதைத்தான் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் பெஷியரைக் கொஞ்சம் கவனியுங்கள் என்பேன். ட்ரம்ப் 30 புள்ளியில் ஜெயித்த கென்டக்கியில் 2023இல் இரண்டாம் முறை ஆளுநர் ஆனவர். பெயர் தெரியாதவர் என்பது ஒரு குறையே இல்லை. 1976இல் எங்கள் ஐயோவாவில் ஜிம்மி கார்ட்டரையும் யாருக்கும் தெரியாது. முடிவு செய்யாதவர்கள்தான் முதலிடம், கார்ட்டர் அதற்கு அடுத்து. அது போதும் என்று நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

வெட்டாறு

படித்துக்கொண்டே வந்தேன். பழுப்புத்தாள் ஐயா சொன்ன அந்தத் தொலைக்காட்சிப் பதில், எனக்கும் அன்றே உறுத்தியது. கமலா மறுபடி வந்தால் அந்தக் கேள்விக்கு இப்போதாவது வேறு பதில் சொல்ல வேண்டும். சொன்னால் நான் அவர் பக்கம்தான். சொல்லாவிட்டால் கொள்ளிடத்தார் சொல்வது சரியென்று ஒப்புக்கொள்கிறேன்.

கொள்ளிடத்தான்

சரி, இப்போதைக்கு என் பட்டியலை மாற்றி எழுதிவிடுகிறேன். குடியரசுக் கட்சியில் வான்ஸ். ஜனநாயகக் கட்சியில் ஷப்பீரோ, நியூசம், பெஷியர், இந்த வரிசையில். கமலாவை வெட்டாறுக்காக அல்ல, நிக்சனுக்காக நான்காவதாக வைக்கிறேன். 2026 நவம்பர் 3 இரவு பென்சில்வேனியா ஆளுநர் தேர்தல் முடிவு வந்ததும் முதல் பெயரைத் திருத்த வேண்டுமா என்று பார்ப்போம். சோளக்காடு அக்கா, முதல் மாநிலம் எது என்று உங்கள் கட்சி முடிவு செய்ததும் இங்கே எழுதிவிடுங்கள்.

சோளக்காடு

எழுதுகிறேன். ஐயோவா என்று வந்தால் அந்த இரவே எழுதுவேன். பக்கத்து வீட்டு அம்மா இன்னும் நடமாட்டமாகத்தான் இருக்கிறார், அவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.